தலைமன்னார் காட்டுது

ஐஸ் கம்பெனிப் பில்புத்தகத்தின் பின்னட்டையில்
இந்தச் சொற்களை எழுதி வைத்தவள் நான்.
தங்கச்சிமடத்தில் கரண்ட் போன மதியங்களில்,
கணக்கு இடித்த நாட்களில்,
ஒவ்வொன்றாய்.

முதலில் வந்தது நீலக்கால்.
படித்துவிட்டுப் பதில் போடாத செய்தியின் கீழே
இரண்டு நீலக் கீற்று
ஏலக்கூடை நண்டு மாதிரி
கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பதை
ஐஸ் உடைக்கும் கிளிட்டஸ்தான் பார்த்தான்.
"நீலக்கால் விழுந்துருச்சு. இனி நகராது."

அத்தனாஸ் மாமா விடியுமுன் அனுப்பும்
ரோஜாப்பூ, தத்துவம்,
பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் வரும் கெடுதல்
எல்லாம் கழிசல்.
தரம் பிரிக்க வேண்டாம்,
கூடையோடு தள்ளு, கோழித்தீவனத்துக்கு.

மூன்று வருஷம் முன்னால் சிரித்து முடித்த படத்தை
இன்றைக்குப் பிடித்ததுபோல் ஒருவன் போட்டால்
கருவாடு.
கட்சிச் சண்டையில் ஊதிப் பெருத்து
"நேர்ல வாடா பாப்போம்" என்பவன்
பேத்தை.
எங்கள் வீட்டிலேயே ஒன்று உண்டு.
கடைத்தெருவில் ஆளை நேரில் கண்டால்
"டீ சாப்பிட்டீங்களா" என்று கேட்கும்.

காற்று பார்க்கத்தான் போனைத் திறப்போம்.
வாடை எத்தனை வேகம், அவ்வளவுதான், மூடவேண்டியது.
ஒரு பூனை.
பூனைக்குப் பின்னால் யார் வீட்டு மாப்பிள்ளை அழைப்போ.
ஜார்ஜியாவில் ஒரு கிழவர் ரொட்டி சுடுகிறார்,
ரொட்டி வேகும்வரை இருந்து பார்க்கிறோம்.
தலை தூக்கினால் மணி மூன்று,
ஐஸ் ஏற்ற வண்டி வாசலில் ஹாரன் அடிக்கிறது.
அதற்குப் பெயர் நீவாடு.
"ராத்திரி எங்கடி போனே?"
"நீவாட்டுல போயிட்டேன்."
வலை இல்லை, மீன் இல்லை, கண் மட்டும் உப்பு.

தலைமன்னார்
ஜெரோன் தங்கலுக்குப் போன இரவில் பிறந்தது.
நடுக்கடலில் போனைத் தூக்கிப் பிடித்தால்
நாலு கோடும் நிறைந்து நிற்கிறதாம்.
அம்மாவை அழைத்தால் போகவில்லை.
அந்தக் கரை டவர்.
'இலங்கைக்கு நல்வரவு' என்று ஒரு செய்தி வேறு,
அவ்வளவு அன்பாக.
விளக்கை அணைத்துவிட்டுப் படகைத் திருப்பியவன்
கரையேறியதும் சொன்னான்,
"எல்லாக் கோடும் இருக்குக்கா. ஒண்ணுகூட எனக்கில்ல."

அதிலிருந்து
பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்து
நமக்கு மட்டும் பதில் வராத ஆள் என்றால்
'தலைமன்னார் காட்டுது.'
அந்தப் பெயரை வைத்தது கிளிட்டஸ் இல்லை, நான்.
யாருக்காக வைத்தேன் என்பது
பில்புத்தகத்தில் இல்லை.

ஜெரோன் தங்கச்சி அதை ராமநாதபுரம் காலேஜுக்குக் கொண்டுபோனாள்.
அங்கிருந்து மதுரை.
அதற்கப்புறம் யார் வலையில் பட்டதோ,
போன வாரம் திரும்பி வந்தது:
மஞ்சள் பின்னணி, உருண்டை எழுத்து,
மூலையில் யாரோ ஒருத்தர் முத்திரை.
தலைமன்னார் என்றால்
டிக்கெட் போடாமலே டூர் பேசுகிறவனாம்.
நாற்பதாயிரம் பேர் சிரித்திருந்தார்கள்.
எங்களுக்கு அனுப்பியது அத்தனாஸ் மாமா.
கூடவே ரோஜாப்பூ.

'அது அப்படி இல்லை' என்று கீழே எழுதினேன்.
முகத்துக்குப் பதில் மோட்டார் பைக் வைத்திருந்த ஒருவன்
'இது சென்னைச் சொல், உனக்கென்ன தெரியும்' என்றான்.
ஊதினேன்.
வயிறு வெள்ளையாய்த் தெரியுமளவுக்கு ஊதினேன்.
எட்டுப் பதில் எழுதி
எட்டையும் அழித்தேன்.

எழுதி அழித்த பதிலுக்கு ஒரு பெயர் சொல்லுங்கள் என்று
குழுவில் கேட்டேன்.
எல்லோரும் நீலக்கால்.
கிளிட்டஸ் மட்டும், உடைத்துக்கொண்டே, நேரில் சொன்னான்:
"ஐஸ்."
"ஏன்டா?"
"அள்ளி அள்ளிக் கொட்டிக்கிட்டுத்தான் போறாங்க.
திரும்பி வரையில இருக்கா?"

பின்னட்டையில் இடம் இல்லை.
புத்தகத்தைத் திருப்பி
அன்றைய பக்கத்திலேயே எழுதினேன்.

ராத்திரி முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்,
"ஆள் பேரும் இல்ல, எத்தன கட்டின்னும் இல்ல.
இந்த ஐஸ் யாருக்குப் போச்சு?"